பென்சன் லண்டனில், வாழ்க்கை உப்புவெளியில்: கணக்கு யார் பெயரில் இருக்க வேண்டும்?

கிழக்கு லண்டனிலிருந்து 67 வயதான அம்மா ஒருவர் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் திருகோணமலை. எண்பதுகளின் கடைசியில் கணவரோடு போனவர், அரச மருத்துவமனை ஒன்றின் சமையலறையில் நீண்டகாலம் வேலைசெய்து ஓய்வுபெற்றிருக்கிறார். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் லண்டனில் குடும்பமாக இருக்கிறார். இவர் பெயரில் உறுதி முடிந்த வீடு ஒன்று திருகோணமலையை ஒட்டிய உப்புவெளியில் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திருத்தி, மிச்சக் காலத்தை அங்கேயே கழிக்க விரும்புகிறார். பிரித்தானிய அரச ஓய்வூதியம் வாரத்துக்கு 198 பவுண், மருத்துவமனை வேலைக்கான ஓய்வூதியம் மாதத்துக்கு 310 பவுண், வங்கியில் சேமிப்பாக 64,000 பவுண். இவ்வளவும்தான் அவருடைய கையிருப்பு.

திருகோணமலையில் இருக்கும் தங்கையின் மகன் சொல்கிறாராம்: "பெரியம்மா, லண்டன் கணக்கை மூடிப்போட்டு எல்லாத்தையும் இங்க கொண்டு வாங்கோ. நானும் நீங்களும் சேர்ந்து நிலையான வைப்புப் போடுவம். வட்டியே மாசம் ஒன்றே முக்கால் இலட்சம் வரும். பென்சனும் என்ர கணக்குக்கு வரட்டும், நீங்கள் வங்கிக்கு அலைய வேண்டாம்." மகளோ அங்கே ஒரு சதமும் அனுப்ப வேண்டாம் என்கிறார். பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் இலங்கையில் கணக்கே திறக்க முடியாது என்று கோயிலில் ஒருவர் சொல்லியிருக்கிறார். நிதிக் கம்பனி ஒன்று வங்கிகளைவிடக் கூட வட்டி தருவதாகவும் கேள்விப்பட்டிருக்கிறார். அவருடைய கேள்விகள்: எந்த வங்கி நல்லது? ஊருக்கு வந்த பிறகும் ஓய்வூதியம் வருடாவருடம் கூடும்தானே? பெறாமகனின் மனம் நோகாமல் எப்படி நடந்துகொள்வது?

அன்புள்ள அம்மா,

"எந்த வங்கி" என்பதைக் கடிதத்தில் இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நான் பிறகு வருகிறேன். திருகோணமலை நகருக்குள் அரச வங்கிகளும் பெரிய தனியார் வங்கிகளும் கிளை வைத்திருக்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் உங்கள் வாழ்க்கையைப் பெரிதாக மாற்றாது. கணக்கு யார் பெயரில் இருக்கிறது, அதற்குள் காசு எந்த நாணயமாக இருக்கிறது என்ற இரண்டும்தான் மாற்றும். வெளிநாட்டில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் காசு விடயமாக என்னைப் போன்ற சட்டத்தரணியைத் தேடி வரும்போது, பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைச் சரியாக யோசிக்காமல் விட்டிருப்பார்கள். நீங்கள் வருவதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் சரியாக அமைத்துக்கொள்ள உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

கூடாமல் நிற்கப்போகும் ஓய்வூதியம்

முதலில் ஒரு கசப்பான விடயம். நீங்கள் இலங்கையில் நிரந்தரமாகக் குடியேறினால் பிரித்தானிய அரச ஓய்வூதியம் தொடர்ந்து வரும், ஆனால் அதன் தொகை உயராது. ஒவ்வொரு ஏப்ரலிலும் கிடைக்கும் உயர்வு, பிரித்தானியாவிலும் ஐரோப்பியப் பொருளாதார வலய நாடுகளிலும் சுவிற்சர்லாந்திலும், அதற்கென ஒப்பந்தம் உள்ள அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், மொரிசியஸ் போன்ற சில நாடுகளிலும் வாழ்பவர்களுக்கு மட்டும்தான். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. இந்தியா, கனடா, அவுஸ்திரேலியாவும் இல்லை. இதை எதிர்த்து ஓய்வூதியர்கள் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போனார்கள். 2010இல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது.

இது சின்னத் தொகை என்று நினைக்க வேண்டாம். 2023 ஏப்ரலில் உயர்வு 10.1 சதவீதம், 2024இல் 8.5, 2025இல் 4.1. இப்போதைய விதிப்படி ஆகக் குறைந்த உயர்வே வருடத்துக்கு 2.5 சதவீதம். அந்தக் குறைந்த கணக்கை மட்டும் எடுத்தாலும், லண்டனிலேயே இருந்தால் பத்து வருடத்தில் உங்கள் 198 பவுண் வாரத்துக்கு 253 பவுணாகியிருக்கும். உப்புவெளியில் அது 198ஆகவே நிற்கும். நீங்கள் திரும்பவும் பிரித்தானியாவில் போய்க் குடியிருந்தால் அப்போதைய முழு அளவுக்கு அது உயர்த்தப்படும்.

மருத்துவமனை ஓய்வூதியம் இதிலிருந்து வேறுபட்டது. அது பொதுச்சேவை ஓய்வூதியம் என்பதால் நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் விலைவாசிக்கேற்பக் கூடும். ஆகவே பத்து வருடத்துக்குப் பிறகு உங்களைத் தாங்கப்போகிறவை அந்த 310 பவுணும் உங்கள் சேமிப்பும்தான். சேமிப்பை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று கீழே சொல்லப்போவதெல்லாம் இதிலிருந்து வருவதுதான். ஊருக்கு வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

பெறாமகன் போட்ட கணக்கு

அவர் சொன்ன ஒன்றே முக்கால் இலட்சம் பொய்க் கணக்கு இல்லை. ஒரு பவுண் 400 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 64,000 பவுண் இரண்டு கோடியே 56 இலட்சம் ரூபாய். எட்டு சதவீத வட்டி என்றால் மாதத்துக்கு ஒரு இலட்சத்து எழுபதாயிரம் வரும். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 சதவீதத்தை வங்கி வரியாகக் கழிக்கிறது, மிச்சம் ஒன்றரை இலட்சம் கையில் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது இன்னொரு கணக்கைப் பாருங்கள். உங்கள் இரண்டு ஓய்வூதியத்தையும் சேர்த்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 1,168 பவுண். அதே 400 ரூபாய்க் கணக்கில் நாலு இலட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல். சொந்த வீட்டில் தனியாக இருக்கும் ஒருவருக்கு, சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் ஆள் வைத்தாலும், உப்புவெளியில் இது தாராளம். அன்றாடச் செலவுக்கு உங்களுக்கு வட்டி தேவையே இல்லை. அந்த 64,000 பவுண் உங்கள் எண்பது வயதுக்கானது, படுக்கையில் விழுந்தால் பார்க்க ஆள் வைப்பதற்கானது, ஒருவேளை மகளிடம் திரும்பிப் போக வேண்டி வந்தால் அங்கே வாழ்வதற்கானது. அந்தக் காசை இன்றைய வட்டிக்காக ரூபாயாக்கினால் பிறகு பவுணாகத் திருப்பி எடுப்பது இலகுவான காரியம் இல்லை.

2022ஐ நீங்கள் லண்டனில் இருந்து பார்த்திருப்பீர்கள், நாங்கள் இங்கே பெற்றோல் வரிசையில் நின்று பார்த்தோம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர், மத்திய வங்கி 7ஆம் திகதி பிடியைத் தளர்த்திய பிறகு மே மாதமளவில் 360 ரூபாயை எட்டியது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசு நிறுத்தியது. அந்த செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண் கிட்டத்தட்ட 70 சதவீத உயர்வைக் காட்டியது. வாழ்நாள் சேமிப்பை ரூபாய் வைப்பில் போட்டிருந்தவர்களுக்குத் தொகை குறையவில்லை, அதனால் வாங்கக்கூடிய மாவும் சீமெந்தும் மருந்தும்தான் குறைந்தன. நியாயமாக மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அதன்பிறகு வந்த இருபது சதவீதத்துக்கு மேற்பட்ட வட்டியில் இலாபம் பார்த்தவர்களும் உண்டு, ரூபாயும் 2023இல் ஓரளவு மீண்டது. இளம் வயதில் அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கலாம். 67 வயதில் ஒரே சேமிப்பை வைத்து அந்த விளையாட்டில் இறங்கக்கூடாது என்பது என்னுடைய உறுதியான கருத்து.

இனிக் கூட்டுக் கணக்கு. "இருவரில் எவரும்" கையெழுத்திடலாம் என்று கணக்குத் திறந்தால், உங்களிடம் ஒரு சொல் கேட்காமல் முழுத் தொகையையும் எடுக்கும் அதிகாரத்தை மற்றவருக்குக் கொடுக்கிறீர்கள். வங்கி அவரைத் தடுக்காது, தடுக்கவும் முடியாது. உங்கள் பெறாமகன் நல்லவராக இருக்கலாம், கடிதத்தைப் படித்தால் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் அவருடைய தொழில் நட்டப்பட்டால்? குடும்பத்துக்குள் வழக்கு வந்தால்? உங்களுக்கு முன்னே அவருக்கு ஏதும் நடந்துவிட்டால்? அப்போது அந்தக் காசு உங்களுடையது என்று நீங்கள் நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டி வரும். நீங்கள் இல்லாமல் போனால் உங்கள் மகள் அதே காசுக்காகத் தன் சகோதர முறைக்காரரோடு மாவட்ட நீதிமன்றத்தில் நிற்பார். நல்ல உறவுகள் முறிவது இப்படித்தான், கெட்ட எண்ணம் யாருக்கும் இருக்க வேண்டிய அவசியமில்லை.

ஓய்வூதியத்தை அவருடைய கணக்குக்கு அனுப்புவதைப் பிரித்தானிய விதி தடுக்காது. மற்றவரின் சம்மதத்தோடு அவருடைய கணக்கையும் கொடுக்கலாம் என்றுதான் அங்கே இருக்கிறது. விதி இடம் தருகிறது என்பதற்காகச் செய்துவிடாதீர்கள். காசு அவர் கணக்கில் விழுந்த கணத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் உங்கள் சொந்த வருமானத்தை நீங்கள் கேட்டு வாங்குபவராகிவிடுவீர்கள். அந்த நிலைக்கு எந்த முதியவரும் தானாகப் போய் நிற்கக்கூடாது.

கடவுச்சீட்டும் பழைய அடையாள அட்டையும்

கோயிலில் உங்களுக்குச் சொன்னவர் தவறாகச் சொல்லியிருக்கிறார். 2017இன் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் அந்த வருடம் நவம்பர் 20ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. பழைய என்.ஆர்.எஃப்.சி., ஆர்.எஃப்.சி. கணக்குகளுக்குப் பதிலாக இப்போது இருப்பது தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு. வங்கியில் பி.எஃப்.சி.ஏ. என்று சொன்னால் உடனே விளங்கிக்கொள்வார்கள். இலங்கைப் பிரஜைகளும், இலங்கை வம்சாவளியினரும், இங்கே தங்கியிருக்கும் வெளிநாட்டுப் பிரஜைகளும் இதைத் திறக்கலாம். பவுணாக வருவது பவுணாகவே இருக்கும், வேண்டியபோது ரூபாயாக எடுக்கலாம், திரும்ப வெளிநாட்டுக்கும் அனுப்பலாம். இந்தக் கடைசி வசதி சாதாரண ரூபாய்க் கணக்கில் இல்லை.

ஆனால் ஒரு விடயத்தில் உங்களை எச்சரிக்க வேண்டும். கடிதத்தில் "என்னுடைய பழைய அடையாள அட்டை இன்னும் இருக்கிறது, அதை வைத்தே திறக்கலாம்தானே" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பிரித்தானியக் குடியுரிமை எடுத்தபோது இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்காமல் விட்டிருந்தால், சட்டப்படி உங்கள் இலங்கைப் பிரஜாவுரிமை அன்றே போய்விட்டது. அட்டை அலுமாரியில் இருப்பதால் அது திரும்பி வராது. அந்த அட்டையைக் காட்டி இலங்கைப் பிரஜை என்று கணக்குத் திறப்பது பொய்ப் பிரகடனம். பலர் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பிற்காலத்தில் பெரிய தொகை ஒன்றை வெளியே அனுப்பும்போது அது பிடிபட்டு, கணக்கே முடங்கக்கூடும். பிரித்தானியக் கடவுச்சீட்டோடும் விசாவோடும் பிறப்புச் சான்றிதழோடும் நேர்மையாகத் திறந்துகொள்ளுங்கள்.

நிரந்தரமாக இங்கே வாழ்வதென்றால் இரட்டைப் பிரஜாவுரிமைக்கே விண்ணப்பியுங்கள். முன்னாள் பிரஜைகளுக்கு 55 வயதைக் கடந்திருப்பதே ஒரு தகுதி, சொத்தையோ பட்டத்தையோ காட்டத் தேவையில்லை. விண்ணப்பத்தைப் பரிசீலிப்பது பத்தரமுல்லையில் இருக்கும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். லண்டனில் உள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயம் வழியாகவும் கொடுக்கலாம். அது கிடைத்தால் விசாக் கரைச்சலும் தீரும்.

லண்டன் கணக்கை மூடாதீர்கள்

ஓய்வூதியம் நேராக இலங்கையில் உள்ள வங்கி ஒன்றுக்கு வந்தால் அது அந்த நாட்டு நாணயமாக, அதாவது ரூபாயாக, வந்து சேரும். எந்த நாள் மாற்றுவது, எவ்வளவை மாற்றுவது என்ற தெரிவு உங்கள் கையை விட்டுப் போய்விடும். இரண்டு ஓய்வூதியமும் லண்டன் கணக்கிலேயே விழட்டும். நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேவையான தொகையைப் பவுணாகவே இங்குள்ள பி.எஃப்.சி.ஏ.வுக்கு அனுப்புங்கள். மாதாமாதம் அனுப்பினால் ஒவ்வொரு முறையும் அனுப்புகூலி கட்ட வேண்டி வரும், இடையில் உள்ள வங்கியும் ஒரு தொகையை வெட்டும். இணையவழிப் பணமாற்றுச் சேவைகள் பல மலிவானவைதான், ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ரூபாயாகவே கொண்டுவந்து போடும். வீட்டுச் செலவுக்கு அது பரவாயில்லை, சேமிப்புக்கு ஆகாது.

மகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிரித்தானியாவில் ஒரு வங்கியில் ஒருவருக்கு இருக்கும் வைப்புக் காப்புறுதி 2025 டிசம்பர் முதல் 120,000 பவுண். உங்கள் 64,000 முழுவதும் அதற்குள் அடங்கும். இலங்கையின் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய், 400 ரூபாய்க் கணக்கில் 2,750 பவுண்.

ஆனால் மகளின் முகவரியைக் கொடுத்துவிட்டு, லண்டனிலேயே இருப்பது போல வங்கிக்குக் காட்டும் யோசனை வேண்டாம். கடிதங்கள் மகளின் வீட்டுக்கு வரலாம், அது வேறு. நீங்கள் எந்த நாட்டில் குடியிருக்கிறீர்கள் என்று வங்கி கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். சில பிரித்தானிய வங்கிகள் வெளிநாட்டில் குடியேறியவர்களின் கணக்கை மூடச் சொல்கின்றன, சில தொடர விடுகின்றன. ஆகவே புறப்படுவதற்கு முன்னரே கிளைக்குப் போய், "நான் இலங்கையில் குடியேறினால் இந்தக் கணக்கை வைத்திருக்கலாமா" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். முடியாது என்றால் அனுமதிக்கும் வங்கி ஒன்றில் அங்கே இருக்கும்போதே திறந்துகொள்ளுங்கள். உப்புவெளியில் இருந்துகொண்டு லண்டனில் புதுக் கணக்குத் திறப்பது மிகவும் கடினம்.

கைபேசி இலக்கத்தையும் மறந்துவிடாதீர்கள். இணைய வங்கியில் நுழைய ஒவ்வொரு முறையும் வரும் குறியீடு உங்கள் லண்டன் இலக்கத்துக்குத்தான் வரும். அந்தச் சிம்மை இரண்டாவது சிம்மாகப் போட்டு, அவ்வப்போது காசு போட்டு உயிரோடு வைத்திருங்கள். பாவிக்காத சிம்மைக் கம்பனிகள் வெட்டிவிடும். பிறகு உங்கள் கணக்குக்குள் நீங்களே போக முடியாது.

காசைப் பிரித்து வைக்கும் விதம்

என்னுடைய யோசனை இது. மகளோடும் பேசி முடிவெடுங்கள். 45,000 பவுண் அளவை லண்டனில் அசையாமல் விடுங்கள். 12,000 முதல் 15,000 பவுணை பி.எஃப்.சி.ஏ.வில் வையுங்கள். எல்லாவற்றையும் அதில் போட்டுவிடச் சொல்லாததற்குக் காரணம், பவுண் கணக்காக இருந்தாலும் அது இலங்கை வங்கி ஒன்று உங்களுக்குத் தர வேண்டிய கடன்தான். வங்கிகளிலேயே டொலருக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தை நாங்கள் கண்டிருக்கிறோம். மிச்சத்தை வீடு திருத்தும் வேலைக்குக் கட்டம் கட்டமாக ரூபாயாக்குங்கள். மேசனுக்கும் தச்சருக்கும் வேலை முடிய முடியக் கொடுப்பதற்கேற்ப மாற்றினால் போதும்.

ரூபாய்ச் சேமிப்புக் கணக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். ஆறு மாதச் செலவு அதில் எப்போதும் இருக்கட்டும். திருகோணமலை ஆஸ்பத்திரியில் இருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ அவசரமாக அனுப்பினால், தனியார் மருத்துவமனையில் அனுமதிக்கும் முன்பே முற்பணம் கேட்பார்கள். அந்த நேரத்தில் லண்டனில் இருந்து காசு வரும்வரை காத்திருக்க முடியாது. இலங்கையில் நிரந்தரமாகக் குடியேறியவருக்குப் பிரித்தானியாவின் இலவச மருத்துவமனைச் சிகிச்சை தானாகவே கிடைக்காது என்பதையும் இங்கே நினைவில் வையுங்கள். ரூபாய்ச் சேமிப்புக்கு எந்த வங்கி என்று கேட்டால், தேசிய சேமிப்பு வங்கியைச் சொல்வேன். வைப்புக்கும் வட்டிக்கும் முழு அரச உத்தரவாதம் உள்ள வங்கி அது ஒன்றுதான். பி.எஃப்.சி.ஏ.வுக்குப் பெரிய வர்த்தக வங்கி ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். மூன்று கிளைகளுக்கு நேரில் போய், பவுணாகவே கணக்குத் திறக்கலாமா, வரும் பணத்துக்கு என்ன கழிப்பீர்கள், இணையத்தில் நானே பார்க்க முடியுமா, முதியவர்கள் உட்கார இடமிருக்கிறதா என்று கேளுங்கள். பொறுமையாகப் பதில் சொல்லும் கிளையில் திறவுங்கள். அடிக்கடி போய்வர வேண்டிய இடம் என்பதால், கிளையில் இருப்பவர்கள் உங்களை மனுஷியாக நடத்துவது கால் சதவீத வட்டியைவிடப் பெரிது.

நிதிக் கம்பனி வேண்டாம். மத்திய வங்கி அனுமதி பெற்ற கம்பனிகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுப் பேசவில்லை. ஆனால் 2020 மே மாதம் த ஃபினான்ஸ் கம்பனியின் அனுமதி இரத்தானபோது, காப்புறுதித் திட்டத்தில் உடனே கிடைக்கக்கூடிய உச்சத்தொகை ஆறு இலட்சம் ரூபாய்தான். அதற்கு மேல் போட்டிருந்தவர்களில் ஓய்வூதியப் பணத்தை அப்படியே வைத்திருந்த முதியவர்களும் இருந்தார்கள். இரண்டு சதவீதம் கூடுதலாகத் தருகிறார்கள் என்றால், அந்த இரண்டு சதவீதத்துக்கான ஆபத்தை நீங்கள் சுமக்கிறீர்கள் என்றுதான் பொருள்.

உண்டியல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வந்து இறங்கியதும் யாராவது சொல்வார்கள். நல்ல விலை தருகிறோம், அங்கே மகள் கொடுத்தால் இங்கே கையில் தருவோம் என்பார்கள். சட்டவிரோதம் என்பதோடு, உண்டியலில் வந்த காசுக்குத் தடயம் இல்லை. நாளைக்கு நீங்கள் வீட்டை விற்று மகளிடம் போக நேர்ந்தால், அந்தக் காசை வெளியே அனுப்ப வங்கி ஆவணம் கேட்கும். வெளிநாட்டில் இருந்து வங்கி வழியாக வந்த ஒவ்வொரு தொகையின் பற்றுச்சீட்டும்தான் அப்போது உங்களுக்குத் துணை. ஒரு கோப்பு வாங்கி எல்லாவற்றையும் அதில் போடுங்கள். கையில் நாணயத்தாளாகக் கொண்டு வருவதென்றாலும் 15,000 டொலருக்கு மேற்பட்ட பெறுமதி என்றால் கட்டுநாயக்கவில் சுங்கத்துக்குப் பிரகடனம் செய்ய வேண்டும்.

ஒரு சின்ன விடயம்: லண்டன் அட்டையை இங்குள்ள இயந்திரத்தில் போட்டால், பவுணில் கழிக்கவா, ரூபாயில் கழிக்கவா என்று கேட்கும். ரூபாயைத் தெரிவுசெய்யுங்கள். மற்றதை அழுத்தினால் மோசமான மாற்றுவிலையில் கழியும்.

உயிரோடு இருப்பதற்கான படிவமும் உங்களுக்குப் பிறகும்

வெளிநாட்டில் வாழும் ஓய்வூதியருக்குப் பிரித்தானிய ஓய்வூதிய அலுவலகம் அவ்வப்போது உயிர்வாழ்வுச் சான்றுப் படிவம் அனுப்பும். சாட்சி ஒருவரின் முன்னிலையில் கையெழுத்திட்டு உரிய காலத்துக்குள் திருப்பி அனுப்பாவிட்டால் ஓய்வூதியத்தை நிறுத்திவிடுவார்கள். படிவம் தபாலில் வருவதால் உப்புவெளி முகவரியைச் சரியாக, வீட்டு இலக்கத்தோடு கொடுங்கள். தபால்காரருக்கு உங்களைத் தெரிந்திருக்கட்டும். இதை ஏனோதானோவென்று விட்டு மாதக்கணக்கில் ஓய்வூதியம் இல்லாமல் தவிப்பவர்கள் உண்டு.

புறப்படும் முன் லண்டனில் செய்ய வேண்டிய இன்னொன்று, உங்களால் முடியாமல் போனால் அங்குள்ள கணக்கை மகள் நடத்துவதற்கான நிலையான அதிகாரப் பத்திரம். நீங்கள் தெளிவாக இருக்கும்போதே எழுதிப் பதிய வேண்டும். அது ஆங்கிலேயச் சட்டத்தின் பத்திரம் என்பதால் திருகோணமலை வங்கியில் அதை நம்பி இருக்க முடியாது. இங்கே பெறாமகனுக்கு அற்றோணித் தத்துவம் கொடுக்க விரும்பினால், ரூபாய்க் கணக்கு ஒன்றுக்கு மட்டும், இன்ன காரியத்துக்கு மட்டும் என்று வரையறுத்து நொத்தாரிசு மூலம் எழுதுங்கள். முழு அதிகாரம் கொடுக்கும் அச்சடித்த படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். நீங்கள் காலமான கணத்தில் அந்த அதிகாரமும் முடிந்துவிடும், அதன்பிறகு அட்டையைப் பாவித்துக் காசு எடுப்பது குற்றம். ஆகவே இலங்கைக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் பின்னுரித்தாளர், அதாவது உங்களுக்குப் பிறகு அந்தக் காசைப் பெறுபவர், ஒருவரை நியமியுங்கள். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் அதற்கு இடம் உண்டு. வங்கியிலேயே படிவம் இருக்கிறது, நீங்கள் உயிரோடு இருக்கும்வரை மாற்றவும் முடியும். காசு யாருக்குப் போக வேண்டும் என்று உண்மையில் நினைக்கிறீர்களோ அவரையே போடுங்கள். வீட்டுக்கும் ஒரு மரணசாதனம் எழுதுவது நல்லது.

வரியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரித்தானியப் பிரஜை என்ற வகையில் அங்கே 12,570 பவுண் வரையான வருட வருமானத்துக்கு உங்களுக்கு வரி இல்லை. இப்போது உங்கள் இரண்டு ஓய்வூதியமும் சேர்ந்து அதைக் கொஞ்சம் தாண்டுகிறது. நாட்டை விட்டுப் போவதை அங்குள்ள வரி அலுவலகத்துக்கு அறிவியுங்கள். இலங்கையில் வருடத்தில் 183 நாளோ அதற்கு மேலோ இருந்தால் நீங்கள் இங்கே வதிபவராகக் கருதப்படுவீர்கள். வந்த முதல் வருடத்திலேயே ஒரு கணக்காளரிடம் இரு நாட்டு ஆவணங்களோடும் போங்கள்.

பெறாமகனிடம்

அவரை விலக்கி வைக்கச் சொல்லவில்லை. உங்களுக்கு ஊரில் ஒரு ஆள் கட்டாயம் வேண்டும், அது அவராக இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். மறுப்பை உங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம், என் தலையில் போடுங்கள்: "தம்பி, சட்டத்தரணி சொல்லிப்போட்டார், பென்சன் கணக்கு என்ர பெயரில மட்டும்தான் இருக்க வேணுமாம். வீட்டு வேலையை நீதான் நின்று பார்க்க வேணும்." வீடு திருத்தும் செலவுக்கு அவர் பெயரில் தனிக் கணக்கு ஒன்று இருக்கட்டும், வேலைக்கேற்ப நீங்கள் அதற்குக் காசு மாற்றுங்கள், பில்லை அவர் தரட்டும். உங்கள் அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் மட்டும் அவரிடம் சேர்த்துக் கொடுக்காதீர்கள். பிறகு ஏதும் பிழை நடந்தால் வங்கி பொறுப்பேற்காது, உங்களுக்கு அவர்மேல் சந்தேகமும் வரும். அவருடைய பெற்றோலுக்கும் நேரத்துக்கும் மாதம் ஒரு தொகையை நிலையான கட்டளையாக வங்கியிலேயே போட்டுவிடுங்கள். கேட்டு வாங்கும் சங்கடம் அவருக்கும் இருக்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். லண்டன் வீட்டைக் கையளிப்பதற்கும் ஓய்வூதிய அலுவலகத்துக்கு அறிவிப்பதற்கும் முன்னால், உப்புவெளியில் மூன்று நான்கு மாதம் வந்து இருந்து பாருங்கள். வாடைக்காற்றும் மழையுமாக இருக்கும் நவம்பர், டிசம்பரையும் சேர்த்து வாருங்கள். அந்த முதல் வருகையிலேயே மேலே சொன்ன இரண்டு இலங்கைக் கணக்குகளையும் திறந்து, சிறு தொகை ஒன்றை லண்டனில் இருந்து அனுப்பி, எத்தனை நாளில் எவ்வளவு குறைந்து வந்து சேர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.